சாவா மூவா ஸ்கூட்டர்

என் சித்தப்பா ரிட்டயர்டு தலைமை ஆசிரியர். வயது 71. திருக்காட்டுப்பள்ளி பக்கத்தில் ஒரு சின்ன கிராமம். ஆறு மா நிலம். (மா கணக்கு தெரியாத பட்டணத்து வாசகர்களுக்கு: ஏறக்குறைய இரண்டு ஏக்கர்.) விடியற்காலை எழுந்து, வயலுக்குப் போய், மடையில் தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்துதான் காபி. குறுவையோ சம்பாவோ, முப்பது வருஷமாக இதில் மாற்றமில்லை.

மாற்றம், வண்டியில்தான் வந்தது. 2021-ல் பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டியபோது சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. இருபது வருஷம் உழைத்த மொபெட்டைத் தள்ளிவிட்டு, தஞ்சாவூரில் புதிதாகத் திறந்திருந்த ஷோரூமில் ஒரு மின்சார ஸ்கூட்டர் வாங்கிவிட்டார். பச்சை நம்பர் பிளேட். ஊரிலேயே முதல் வண்டி. சித்திக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட.

''சத்தமே இல்ல தம்பி. வரப்போரம் நிக்கிற கொக்குகூடப் பறக்க மாட்டேங்குது'' என்று போனில் சொன்னார்.

மூன்று வருஷம் மூன்று மாதம் ஓடியது. 2024 ஐப்பசியில், நல்ல அடைமழையில், வாய்க்கால் கரையில் நின்றுவிட்டது. திரையில் ஏதோ ஒரு எழுத்தும் இரண்டு எண்களும். அவ்வளவுதான். ஆள் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சார்ஜ் போட்டால் ஏறவில்லை. மறுநாள் மினி லாரியில் ஏற்றி தஞ்சாவூர் போனால், ஷோரூம் இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டால், அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண்மணி இனிமையாகச் சொல்கிறார். சென்னை ஆபீஸ் விலாசத்துக்கு நானே போய்ப் பார்த்தேன். பூட்டு. வாட்ச்மேன், ''அவங்க போயி ஒரு வருஷம் இருக்குமே சார்'' என்றார். கம்பெனி பெயர் வேண்டாம். செத்தவர்களைப் பற்றிக் கேவலமாகப் பேசுவது நம் வழக்கமில்லை.

கடைசியில், கரந்தையில் ஒரு மெக்கானிக் பையன் பிரித்துப் பார்த்தான். கெட்டிக்காரன். அரை மணி நேரத்தில் நோயைக் கண்டுபிடித்துவிட்டான்.

''மோட்டார் நல்லாருக்கு சார். பேட்டரியும் முக்கால்வாசி உசிரோடதான் இருக்கு. ஆனா ரெண்டும் பேசிக்க மாட்டேங்குது.''

''பாகம் பிரிச்ச அண்ணன் தம்பி மாதிரியா?''

''அவங்களாவது பஞ்சாயத்துக்கு வருவாங்க சார். இதுக்குப் பஞ்சாயத்து பண்ற சாஃப்ட்வேர் கம்பெனிக்காரன்கிட்ட இருக்கு. கம்பெனியே இல்லையே!''

சித்தப்பா அசரவில்லை. ''இலவசமா கேக்கலப்பா. வாரன்ட்டி முடிஞ்சுபோச்சு, தெரியும். காசு தர்றேன். யார்கிட்ட கொடுக்கணும்னு மட்டும் சொல்லு'' என்றார்.

அதற்குத்தான் பதில் இல்லை. காசை வைத்துக்கொண்டு நிற்கிறார். வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

அன்று ராத்திரி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அதுதான் இந்த வாரக் கட்டுரை. ''நீ பி.காம். படிச்சவன். சொல்லு. ஒரு சாமானை வித்தவனுக்கும் வாங்கினவனுக்கும் உள்ள உறவு எத்தனை நாளைக்கு?''

* * *

பி.காம். என்ன சொல்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

வணிகச் சட்டத்தில் முதல் வருஷமே ஒரு லத்தீன் சொற்றொடரை மனப்பாடம் செய்ய வைப்பார்கள்: 'கேவியட் எம்ப்டர்'. வாங்குகிறவனே, நீயே ஜாக்கிரதையாக இருந்துகொள்! 1930-ம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டம் இதில் தொடங்கி, சில விதிவிலக்குகள் கொடுத்து, முடித்துக்கொள்கிறது. பணம் கைமாறியது, பொருள் கைமாறியது, சுபம். கத்தரிக்காய்க்கு இது சரி. சொத்தை இருந்தால் வீட்டுக்குப் போய் நறுக்கும்போதே தெரிந்துவிடும். மறுநாள் கடைக்காரரிடம் சண்டை போடலாம்.

கணக்கியலில் இன்னொரு பாடம் உண்டு: 'கோயிங் கன்சர்ன்'. கணக்கு எழுதும்போது, இந்த நிறுவனம் தொடர்ந்து நடக்கும் என்று எடுத்துக்கொண்டுதான் எழுத வேண்டும். கம்பெனிச் சட்டம் ஒரு படி மேலே போகிறது. பங்குதாரர்கள் சாகலாம், இயக்குநர்கள் சாகலாம், கம்பெனிக்கு மட்டும் மரணம் கிடையாது. இதை பரீட்சையில் எழுதி ஐந்து மார்க் வாங்கியிருக்கிறேன். இன்று நினைத்தால், அந்த ஐந்து மார்க்கையும் திருப்பிக் கொடுத்துவிடலாம் போலிருக்கிறது.

'அதனால் என்ன, கம்பெனிகள் மூடுவது புதுசா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அம்பாஸடர் காரை எடுத்துக்கொள்ளுங்கள். உத்தரபாரா தொழிற்சாலை 2014 மே மாதத்தோடு உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. அம்பாஸடர்கள் அன்றைக்கே நின்றுவிட்டனவா? இல்லை. மெக்கானிக் இருந்தார், பழைய உதிரி பாகம் கிடைத்தது, கிடைக்காததை லேத் பட்டறையில் கடைந்து கொடுத்தார்கள்.

டெல்டாக்காரர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம், ஆயில் இன்ஜின். வயலுக்கு நடுவே 'தும் தும்' என்று மெதுவாக அடித்துக்கொண்டு தண்ணீர் இறைக்குமே, அந்த லிஸ்டர் இன்ஜின். இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற ஊரில் பிறந்தது. 1980-களில் அங்கே அதன் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். ஆனால், அதே அச்சில் குஜராத்தின் ராஜ்கோட் பட்டறைகளில் தொடர்ந்து வார்த்துக்கொண்டிருந்தார்கள். தாய் வீடு மூடிய பிறகும் பிள்ளை ஊர் ஊராகப் பிழைத்துக்கொண்டது. காரணம், அந்த இன்ஜினுக்கு ரகசியம் எதுவும் இல்லை. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால் உள்ளே போய்ப் பார்க்கலாம்.

மின்சார வண்டி அப்படி அல்ல. இத்தனைக்கும் அதில் ஓடித் தேயும் பாகங்கள் குறைவு. கியர் பெட்டி இல்லை, கார்புரேட்டர் இல்லை, ஆயில் மாற்ற வேண்டாம். மோட்டார் பல வருஷம் சும்மா சுழன்றுகொண்டே இருக்கும். அந்தக் கணக்குப்படி அது பெட்ரோல் வண்டியைவிட நீண்ட நாள் வாழ வேண்டும். ஆனால், பேட்டரிக்குள் ஒரு சின்ன மூளை இருக்கிறது. பி.எம்.எஸ். என்பார்கள். ஒவ்வொரு செல்லிலும் எவ்வளவு வோல்ட் இருக்கிறது, எவ்வளவு சூடு என்று பார்த்துக்கொண்டே இருக்கும். ஏதாவது தப்பென்றால் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். மோட்டாரை ஆட்டிவைக்கும் கன்ட்ரோலரோடு அது சங்கேத மொழியில் பேசும். அந்த மொழி, செய்த கம்பெனிக்கு மட்டும் தெரியும். பூட்டு உங்கள் வீட்டில், சாவி அவர்கள் வீட்டில். யானையை வாங்கியவன் அங்குசத்தைப் பாகனிடமே விட்டுவிட்டு வந்த கதை.

எனவே, பழைய வண்டியை விற்றவர் பொருளை விற்றார். மின்சார வண்டியை விற்பவர் பொருளோடு சேர்த்து ஒரு வாக்குறுதியையும் விற்கிறார். 'நான் இருப்பேன்' என்ற வாக்குறுதி. ரசீதில் அது எழுதப்பட்டிருக்காது. ஆனால் அது இல்லாவிட்டால் வண்டி வெறும் இரும்பு.

* * *

இந்த வாக்குறுதி நம் நாட்டில் எப்படியெல்லாம் காப்பாற்றப்பட்டது, எப்படியெல்லாம் காற்றில் போனது என்பதற்கு ஒரு முப்பது வருஷ சரித்திரம் இருக்கிறது.

1993-ல் டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் 'லவ்பேர்ட்' என்று ஒரு குட்டி மின்சார கார் காட்டினார்கள். கேரளத்தில் சாலக்குடியைச் சேர்ந்த எடி கரன்ட் கன்ட்ரோல்ஸ் என்ற நிறுவனம், ஜப்பானின் யாஸ்காவா நிறுவனத்தோடு கூட்டு சேர்ந்து செய்தது. நம்ம கோயம்புத்தூரிலும் தயாரிப்பு. இரண்டு பேர் உட்காரலாம். கொஞ்சமே கொஞ்சம் விற்று, மறைந்துபோனது. பெயரைக் கேட்டால் இன்று பறவை விற்பவர்களுக்குத்தான் தெரியும்.

2001-ல் பெங்களூரிலிருந்து ரேவா வந்தது. சேத்தன் மைனியின் கனவு. லண்டனில் அதையே 'ஜி-விஸ்' என்ற பெயரில் விற்றார்கள். 2010-ல் மஹிந்திரா பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியது. 2013-ல் 'இ2ஓ' வந்தது. 2019-ல் அதன் விற்பனையும் நின்றது. ரேவாவில் இருந்தவை சாதாரண லெட்-ஆசிட் பேட்டரிகள், எட்டு. பேட்டரிக் கடைக்காரருக்குப் புரிகிற சமாசாரம். அதனால், கம்பெனி கைமாறிய பிறகும் அபிமானிகள் ஓட்டினார்கள். லண்டனில் சிலர் லித்தியம் பேட்டரிக்கே மாற்றிக்கொண்டார்கள். திறந்து பார்க்க முடிந்த அளவுக்கு அந்த வண்டி வாழ்ந்தது.

நடுவில் ஸ்கூட்டர்கள். மத்திய அரசு 2010 நவம்பரில் மின்சார வண்டிகளுக்கு மானியம் கொடுக்க ஆரம்பித்தது. 2012 மார்ச்சோடு நிறுத்திக்கொண்டது. மானியம் நின்றதும் விற்பனை சரிந்தது. பல சின்ன கம்பெனிகள் கடையைக் கட்டின. வாங்கியவர்கள், மானியத்தோடு கம்பெனியும் போகும் என்று எதிர்பார்த்திருக்கவில்லை.

இதெல்லாம் பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. ஒரு காலத்தில் மின்சார ஸ்கூட்டர் விற்பனையில் நாட்டிலேயே முன்னணியில் இருந்த ஹீரோ எலெக்ட்ரிக், 2024 டிசம்பரில் திவால் நடைமுறைக்குள் போனது. (இது வேறு, மோட்டார் சைக்கிள் செய்யும் ஹீரோ மோட்டோகார்ப் வேறு. சித்தப்பா வாங்கியதும் இது அல்ல.) பணக்கார நாட்டிலும் இதே கூத்துதான். அமெரிக்காவில் ஃபிஸ்கர் என்ற மின்சார கார் கம்பெனி 2024 ஜூனில் திவால் மனு போட்டது. நடுவழியில் விடப்பட்ட உரிமையாளர்கள் தாங்களே ஒரு சங்கம் வைத்து, உதிரி பாகத்துக்கும் சாஃப்ட்வேருக்கும் அலைந்தார்கள். மீதமிருந்த சில ஆயிரம் கார்களை நியூயார்க்கில் ஒரு வாடகைக் கார் நிறுவனம் மொத்தமாக வாங்கியது. வாங்கிய பிறகுதான், கார்களின் தகவல்களைத் தங்கள் கம்ப்யூட்டருக்கு மாற்ற முடியாது என்று தெரிந்து தலையில் கை வைத்தார்கள்.

செத்தால்தான் என்று இல்லை. ஜப்பானின் நிஸான் உயிரோடுதான் இருக்கிறது. ஆனால், இங்கிலாந்தில் பழைய லீஃப் கார்களுக்கான செல்போன் ஆப் சேவையை 2024-ல் நிறுத்திவிட்டது. அந்த கார்கள் பேச நம்பியிருந்த 2ஜி காலம் மலையேறிக்கொண்டிருந்தது. கார் ஓடும். ஆனால், வாங்கும்போது காட்டிய வித்தைகளில் சில காணாமல் போயின.

* * *

சித்தப்பாவின் கேள்வியை மனதில் போட்டுக்கொண்டு, மறுநாள் சாயங்காலம் பெரிய கோயிலுக்குப் போனேன். அங்கே சுவரெல்லாம் கல்வெட்டு. நாம் அதன் மேல் சாய்ந்துகொண்டு போட்டோ எடுத்துக்கொள்கிறோம். படித்துப் பார்த்தால் அது ஒரு மாபெரும் கணக்குப் புத்தகம். பி.காம். படித்தவன் கும்பிட வேண்டிய சுவர்.

அதில் விளக்குக் கணக்கு ஒன்று வருகிறது. ஒருவர் கோயிலுக்கு ஓர் அணையா விளக்கு கொடுக்க நினைக்கிறார். விளக்கை வாங்கி வைத்துவிட்டுப் போய்விட முடியாது. நாளைக்கு நெய் யார் ஊற்றுவது? எனவே விளக்கோடு 96 ஆடுகளைக் கொடுக்க வேண்டும். ஆடு இல்லையென்றால் 48 பசு. ஆடுகளை ஓர் இடையர் ஏற்றுக்கொள்வார். அவரும் அவர் உறவினரும் தினம் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்க வேண்டும். எந்தப் படியால் அளப்பது என்பதுகூட எழுதியிருக்கிறது: 'ஆடவல்லான்' என்னும் மரக்கால்.

'ஆடு செத்துப்போனால்?' என்று கேட்பீர்கள். அதற்குத்தான் சோழர் காலக் கல்வெட்டுகளில் ஓர் அற்புதமான சொல் இருக்கிறது: 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, கிழமாகாத ஆடுகள். ஆடு சாகாது என்ற மூடநம்பிக்கை அல்ல. ஆடு சாகும், குட்டி போடும். ஆனால் எண்ணிக்கை குறையக்கூடாது. 96 என்றைக்கும் 96. ஆட்டைவிட, ஆடு தரும் நெய்யைவிட, அந்த ஏற்பாடுதான் தானம்.

இன்னொரு கல்வெட்டு. ராஜராஜன் கோயில் பணிக்கு 400 தளிச்சேரிப் பெண்டுகளையும், பாடுபவர், வாசிப்பவர், கணக்கெழுதுபவர், தையற்காரர் என்று ஒரு பெரிய பட்டாளத்தையும் நியமிக்கிறான். ஆளாளுக்கு இத்தனை பங்கு நெல் என்று எழுதுகிறான். எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே, இவர்களில் ஒருவர் இறந்துபோனால், ஊரைவிட்டுப் போய்விட்டால் என்ன செய்வது என்று வருகிறது. நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்றுக்கொண்டு அந்த வேலையைச் செய்ய வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையென்றால், தகுதியுள்ள இன்னொருவரை வைக்க வேண்டும். 1010-ல் முடிந்த கோயில் அது. சந்திர சூரியர் உள்ளவரை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டவன்தான். ஆனாலும், மனிதர்கள் சாவார்கள், ஓடிப்போவார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததைக் கல்லில் எழுதியும் வைத்தான்.

எனக்கு அங்கே ஒரு விஷயம் உறைத்தது. நம்முடைய கம்பெனிகள் சந்திர சூரியர் வரை இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. 'நான் போய்விட்டால்...' என்ற ஒரு வரியை எழுதிவைக்காததுதான் தப்பு.

உடனே பழம்பெருமை பேசுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஏற்பாட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. ஆடு மேய்த்தவரின் பேரனை யாரும் கேட்கவில்லை, 'உனக்கு நெய் அளக்க இஷ்டமா?' என்று. 400 பெண்களையும் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்தார்கள். சம்மதம் கேட்டதாக எந்தக் கல்லிலும் இல்லை. சித்தப்பா சின்னப் பையனாக இருந்தபோது, ஊர் ஆசாரிக்கும் கொல்லருக்கும் அறுவடைக் களத்தில் நெல் அளந்து கொடுப்பார்கள். வருஷம் முழுக்க ஏர், கலப்பை, வண்டிச் சக்கரம் எது பழுதானாலும் அவர்கள் வந்து சரிசெய்ய வேண்டும். இன்றைய 'ஆனுவல் மெயின்டனன்ஸ் கான்ட்ராக்ட்' அப்படியே! ஆனால், அந்த உத்தரவாதம் நின்றது ஒரு குடும்பத்தைச் சாதியால் ஊரோடு கட்டிப்போட்டதன் மேல். ஆசாரியின் பிள்ளை படித்து ஊரைவிட்டுப் போனபோது உத்தரவாதமும் போனது. போனது நல்லதுதான். மனிதரைக் கட்டிப்போட்டுக் கிடைக்கிற நிம்மதி நமக்கு வேண்டாம்.

ஆகவே கேள்வி இப்படி மாறுகிறது. மனிதர்களைக் கட்டிப்போடாமல், வாக்குறுதியை மட்டும் எப்படிக் கட்டிப்போடுவது?

* * *

கம்பெனிக்காரர்கள் தரப்பையும் கேட்க வேண்டும். நான் பேசிய ஒருவர் சொன்னார்: ''சார், நாங்க பத்து பேர் சேர்ந்து கடன் வாங்கி ஆரம்பிச்சோம். பதினைஞ்சு வருஷம் கியாரன்ட்டி கொடுன்னா, கடையே திறக்க முடியாது. பெரிய முதலாளி மட்டும்தான் வண்டி செய்வான். அது நல்லதா?''

நியாயம்.

சாவியை எல்லோருக்கும் கொடுக்க மாட்டோம் என்பதற்கும் ஒரு காரணம் சொல்கிறார்கள். லித்தியம் பேட்டரி விளையாட்டுப் பொருள் அல்ல. 2022 மார்ச்சில் வேலூரில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சு முட்டி ஓர் அப்பாவும் மகளும் இறந்தார்கள். கண்டவர்களும் திறந்தால் என்ன ஆகும்? இதுவும் நியாயம்தான். கரந்தைப் பையனே, ''கோர்த்து ஓட்டிக் காட்டிருவேன் சார். ராத்திரி சார்ஜ்ல பத்திக்கிச்சுன்னா யார் பொறுப்பு?'' என்று கையை விரித்துவிட்டான். அந்த நேர்மைக்காக அவனுக்குக் காசு கொடுத்தோம். வாங்க மாட்டேன் என்றான்.

நம்மேலும் தப்பு இருக்கிறது. ஷோரூமில் நாம் கேட்கிற கேள்விகள் என்ன? 'எவ்வளவு தூரம் ஓடும்? எவ்வளவு தள்ளுபடி? ஹெல்மெட் ஃப்ரீயா?' ஐயாயிரம் ரூபாய் குறைவு என்றால், நேற்றுப் பிறந்த கம்பெனியை நம்பி வாங்கிவிடுகிறோம். அந்த ஐயாயிரத்தில்தான் நம்முடைய 96 ஆடுகளும் போய்விட்டன.

இத்தனையையும் ஒத்துக்கொண்ட பிறகும், சித்தப்பாவின் கேள்வி அப்படியே நிற்கிறது. ஏனென்றால், நீண்ட நாள் இருக்க முடியாது என்பது ஒரு விஷயம். இருக்க முடியாது என்று தெரிந்தும், இருக்கப்போகிறவனைப் போலச் சிரித்து விற்பது வேறு விஷயம். முதலாவது, இயலாமை. இரண்டாவது, பொய்.

சட்டம் என்ன செய்கிறது? கணக்குப் புத்தகத்தில் வாரன்ட்டிக்கென்று கம்பெனிகள் ஒரு தொகையை 'புரொவிஷன்' என்று ஒதுக்குகின்றன. ஆனால், புத்தகத்தில் ஒதுக்குவது வேறு, பெட்டியில் பணம் இருப்பது வேறு. கம்பெனி திவாலானால், 2016-ம் வருஷத்து திவால் சட்டப்படி வரிசையில் நிற்க வேண்டும். நடைமுறைச் செலவு, தொழிலாளர்கள், அடமானம் வாங்கிய வங்கிகள் என்று முன்வரிசை நிரம்பிவிடும். வாரன்ட்டி அட்டையோடு வருகிறவர், கடைசி பெஞ்ச். பழைய பேட்டரியை என்ன செய்வது என்பதற்கு 2022-ல் விதிகள் வந்தன. அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு முறையாகப் பிரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு. நல்ல விதி. ஆனால் பாருங்கள், செத்த பேட்டரிக்குக் காரியம் செய்யக் கட்டாயம் இருக்கிறது. உயிரோடிருக்கும் பேட்டரியைப் பிழைக்க வைக்கக் கட்டாயம் இல்லை! அதே வருஷம் 'பழுது பார்க்கும் உரிமை' என்று நுகர்வோர் துறை ஒரு குழு போட்டது, டிசம்பரில் ஒரு இணையதளமும் திறந்தது. கம்பெனிகள் மனமுவந்து தகவல் கொடுக்கலாம். மனம் இருந்தால்.

மனம் வைத்தால் வழி இல்லாமல் இல்லை. வேறு இடங்களில் செய்திருக்கிறோம். வங்கி முழுகினால் டெபாசிட்காரருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு இருக்கிறது. 2020 வரை அது ஒரு லட்சமாகத்தான் இருந்தது; கத்திக் கத்தி உயர்த்தினோம். அந்தக் காப்பீட்டுக்கு எல்லா வங்கிகளும் கொஞ்சம் கொஞ்சம் பிரீமியம் கட்டுகின்றன. வீடு கட்டித் தருகிறேன் என்று முன்பணம் வாங்கிய பில்டர் திவாலானால், 2018 திருத்தத்துக்குப் பிறகு வீடு வாங்கியவருக்கும் கடன் கொடுத்தவர் என்ற அந்தஸ்து உண்டு. அவரும் கூட்டத்தில் உட்கார்ந்து ஓட்டுப் போடலாம். ஸ்கூட்டர் வாங்கியவர் மட்டும் என்ன பாவம் செய்தார்?

என் சிற்றறிவுக்கு எட்டியது இரண்டே விஷயம். ஒன்று, விற்கிற ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சின்னத் தொகை, கம்பெனியின் கை படாத பொதுப் பெட்டிக்குப் போக வேண்டும். அதுதான் ஆடு. இரண்டு, பேட்டரியும் கன்ட்ரோலரும் பேசிக்கொள்ளும் ரகசியத்தை ஒரு மூன்றாவது ஆளிடம் முத்திரை வைத்துக் கொடுத்துவிட வேண்டும். கம்பெனி இருக்கும்வரை யாரும் அதைத் தொட வேண்டாம். கம்பெனி மூடிய அன்று, முறையாகப் பயிற்சி பெற்ற மெக்கானிக்குகளுக்காக அந்த முத்திரை உடைபட வேண்டும். துணை நிற்க முடியாதவர், வழியையாவது விட்டுவிட்டுப் போகட்டும். பொதுப் பணத்தில் மானியம் கொடுக்கிற அரசாங்கம், இந்த இரண்டையும் நிபந்தனையாகப் போட முடியாதா?

எத்தனை வருஷத்துக்கு என்பதுதான் மிச்சம். சந்திர சூரியர் உள்ளவரை என்பது அதிகம். மூன்று வருஷம் என்பது அநியாயம். இதற்கு என்னிடம் பதில் இல்லை. சித்தப்பாவிடமே இருந்தது. நான் கோயில், கல்வெட்டு, திவால் சட்டம் எல்லாம் சொல்லி முடித்ததும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

''இதுக்கு எதுக்குப்பா இவ்வளவு? ஒண்ணாங் கிளாஸ்ல ஒரு பிள்ளையைச் சேத்துக்கிட்டேன்னா, அது அஞ்சாங் கிளாஸ் முடிக்கிற வரைக்கும் நான் பள்ளிக்கூடத்தைத் திறந்து வைக்கணும். நான் செத்துப்போனா இன்னொரு வாத்தியார் வரணும். பள்ளிக்கூடத்தை மூடித்தான் ஆகணும்னா, டி.சி.யைக் கையில கொடுத்து, பக்கத்து ஊர் ஸ்கூல்ல சேத்துவிட்டுட்டுத்தான் பூட்டணும். பிள்ளைய உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போகக் கூடாது.''

அவர் 36 வருஷம் பள்ளிக்கூடம் நடத்தியவர். எனக்கு பி.காம். மட்டும்தான்.

இப்போது அந்த ஸ்கூட்டர் மாட்டுக் கொட்டகையில் நிற்கிறது. மேலே சாக்கு. கால் வைக்கும் இடத்தில் ஒரு கோழி தினமும் முட்டையிடுகிறது. ஆர்.சி. கார்டின்படி அதன் ஆயுள் 2036 வரை. சித்தப்பா சைக்கிளில் வயலுக்குப் போகிறார். முட்டி வலிக்கிறது என்று சித்தி சொல்கிறாள்.

மின்சார வண்டிமேல் அவருக்கு வெறுப்பு வந்திருக்கும் என்று நினைத்தேன். இல்லை. ''வண்டி என்ன தப்பு பண்ணுச்சு?'' என்கிறார். போன மாதம் என்னை அழைத்துக்கொண்டு தஞ்சாவூரில் இன்னொரு ஷோரூமுக்குப் போனார். டை கட்டிய பையன் ஓடி வந்து, ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர், எத்தனை கலர் என்று ஒப்பித்தான். சித்தப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, பள்ளிக்கூடத்தில் கேட்பதைப் போலவே, மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு கேட்டார்:

''தம்பி, நீங்க எத்தனை வருஷம் இருப்பீங்க?''

பையன் ஒரு கணம் விழித்தான். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்:

''இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் சார். திருச்சியில வேற வேலை கிடைச்சிருச்சு.''